அப்பா கொடுத்த பயிற்சி

திருகோணமலை,
12.10.1977

அன்புள்ள மகள் கோணேஸ்வரிக்கு,

கோணேசர் துணையால் நானும் அப்பாவும் தம்பியும் சுகம். சாம்பியாவில் நீயும் மருமகனும் அப்படியே இருக்க வேண்டுமென்று வெள்ளிதோறும் காளி கோயிலில் விளக்கு வைக்கிறேன். உன் வகுப்புப் பிள்ளைகள் ஓயாமல் இரைகிறார்கள், அடக்க என்ன வழி என்று அப்பாவைக் கேட்டு எழுதியிருந்தாய். நாலு பக்கத்தில் பதில் வரும் என்றுதான் நானும் நினைத்தேன். அது ஏன் ஒரு வரியாகச் சுருங்கியது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆவணிக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட சனம் இங்கேயும் வந்து, கடற்கரைப் பக்கத்து மடத்தில் இருக்கிறது என்று முன்பே எழுதினேன். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தம்பி சோமசேகரமும், கிண்ணியாவிலிருந்து வரும் அவனுடைய சிநேகிதன் ஹிஸ்புல்லாவும், இன்னும் சில பெடியன் பெட்டைகளும் முன்வந்தார்கள். பயிற்சி இல்லாமல் வகுப்பில் கால் வைக்கக் கூடாது என்று அப்பா குறுக்கே வந்தார். இளைப்பாறிய தலைமையாசிரியர், வீட்டில் அடக்குவதற்கு நான் ஒருத்திதான் மிச்சம், அவரும் என்ன செய்வார். எங்கள் விறாந்தையில் ஒரு கிழமை, ஏழு நாளும் பயிற்சி நடந்தது. எழுத்து, கணக்கு, கதை சொல்வது எல்லாம் அரை நாளில் முடிந்தது, மிச்சம் முழுக்கப் பிள்ளைகளை அடக்குவது எப்படி என்பதுதான். ஒருவர் ஆசிரியராக நிற்க மற்றவர்கள் குழப்படிப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். ஹிஸ்புல்லாவுக்கு, பக்கத்தில் இருப்பவரைக் கிள்ளுகிற வேலை, தம்பிக்கு மேசைக்குக் கீழே ஆடு மாதிரிக் கத்துகிற வேலை. அப்பா கோடு போடுகிற அடிமட்டத்தால் மேசையில் தட்டி, "சத்தம் போடாதே, கையைக் கட்டு" என்று காட்டிக்கொடுப்பார். தம்பி இவ்வளவு அக்கறையாக எதையும் படித்து நான் கண்டதில்லை. எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றி என் கைதான் ஓய்ந்தது.

மடத்துக்குப் போனால் அங்கே அடக்குவதற்கு ஒன்றுமில்லை. பிள்ளைகள் தாங்களாகவே கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள், பெயரைக் கேட்டால் நிலத்தைப் பார்த்தார்கள். இப்படி ஒரு வகுப்பு தனக்கு வாழ்நாளில் கிடைக்கவில்லை என்று அப்பாவுக்கு நல்ல திருப்தி. அவர்களில் அஞ்சலை என்று ஆறு வயதுப் பிள்ளை, அவர்கள் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்த நாளிலிருந்து வாய் திறக்கவில்லையாம். நான் சோறு கொண்டுபோன அன்று அவளுடைய தாய் மாரியாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ பேச்சு திரும்பி வருமாங்கம்மா" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து குசினி அடுப்படியில் இருந்து அழுதேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் பாதிச் சாப்பாட்டில் எழும்பிவிட்டார்.

நாட்கள் போகப் போகப் பெடியன்களுக்கும் மனம் விட்டுப்போனது. கடைசியில் ஹிஸ்புல்லா, "நமக்கு வடிவாத் தெரிஞ்சது குழப்படிதானே, அதையாவது செய்வம்" என்றானாம். பிள்ளைகளைக் கதிரையில் ஆசிரியராக இருத்திவிட்டு இவர்கள் நிலத்தில் இருந்து கிள்ளுவதும் உருள்வதும் கத்துவதுமாகத் தொடங்கினார்கள். முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு ஆளுக்கு ஆள் அடிமட்டத்தை வாங்கி மேசையில் தட்டி அதட்டின. அஞ்சலையின் முறை வந்தபோது அவள் அதைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். அந்த நேரம் பார்த்து அப்பா மேற்பார்வைக்குப் போனார், நானும் கூடப் போனேன். வாசலில் நின்றபடியே, இது பள்ளிக்கூடமா சந்தையா என்று தொடங்கினார். தொடங்கினால் அவர் இலேசில் நிறுத்தமாட்டார் என்பது உனக்குத் தெரியும். அஞ்சலை மேசையில் ஓங்கித் தட்டினாள். அப்பாவைப் பார்த்து, "சத்தம் போடாத, கையக் கட்டு" என்றாள்.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் அவருக்குச் சொல்ல நினைத்த வார்த்தை அது, மகள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் ஹிஸ்புல்லாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து கையைக் கட்டினார். அவருடைய கண் நிறைந்திருந்தது. மாரியாயி கதவைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதாள். அஞ்சலை அவளையும் பார்த்துச் சத்தம் போடாதே என்றாள்.

இப்போது மடத்து இரைச்சல் தாங்க ஏலாது என்று அயலவர்கள் அப்பாவிடம் முறையிடுகிறார்கள். எல்லாம் தான் கொடுத்த பயிற்சி என்று அவர் பெருமையாகச் சொல்லித் திரிகிறார்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். மருமகனின் இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடு, மறந்துவிடாதே. கோணேசர் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். உன் கேள்விக்கு என்ன எழுதட்டும் என்று அப்பாவைக் கேட்டேன். "பிள்ளையள் இரையட்டும் எண்டு எழுதும்" என்றார்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா சிவக்கொழுந்து