நிலத்தில் விழாத கோதுகள்

1988 நவம்பர் 12, சனி. இக்காஸ்ட்.

என்னோடு துணி ஆலையில் வேலை செய்யும் ஜென்ஸ் இன்று தன் துப்பாக்கிக் கழகத்துக்குக் கூட்டிப்போனான். பிஸ்டல் ரவை போட்டுச் சுடும் ரிவால்வர்களைச் சேர்ப்பது அவனுக்குப் பைத்தியம். ஆறு ரவைகளையும் ஒரு தகட்டு வளையத்தில் கொளுவி உள்ளே வைத்தான். சுட்டு முடித்ததும் நான் குனிந்து நிலத்தில் தேடினேன்.

“என்ன தேடுகிறாய்? பிஸ்டல் மாதிரி இது சுட்ட ரவையின் கோதை வெளியே எறியாது” என்று சிரித்து, வளையத்தோடு ஆறு வெற்றுக் கோதுகளையும் காட்டினான்.

ஊரில் இரவு துப்பாக்கிச் சூடு நடந்தால், விடிய இராணுவம் வருமுன் முற்றத்தில் கோது பொறுக்குவது என் வேலை. “ஒண்டையும் விடாமப் பொறுக்குங்கோ, ஆமி கண்டா எங்களைத்தான் பிடிப்பான்” என்பாள் மனைவி. இப்போது அவள் தனியப் பொறுக்குகிறாள். இந்த நாட்டுக்கு வர என் குடும்பத்துக்கு இன்னும் அனுமதி இல்லை. குடிவரவு அலுவலகத்தில் கேட்டால் பொறு என்கிறார்கள்.

தனிய இல்லை. மகளுக்கு நாலு வயது. நிலத்துக்குக் கிட்ட இருப்பவள் அவள். கோது முதலில் அவள் கண்ணில்தான் படும்.