இருபத்தைந்து விசில் விலா எலும்பு

01.11.2024, வெள்ளி

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர்கள்: என் வீட்டுக்காரர் வீரசிங்கம், கனடாவிலிருந்து பத்து நாளுக்கு வந்திருக்கும் அவருடைய தம்பி சண்முகராஜா, மகள் கம்சலா, நான். தீபாவளிக்கு மறுநாள். சோறு, சாம்பார், போஞ்சிக்காய், அப்பளம்.

சண்முகராஜா அப்பளத்தைச் சாம்பாரில் ஊறப் போட்டுக்கொண்டே, "அண்ணி, பாபிகியூ ரிப்ஸ் செய்வீங்களா? பன்னி விலா எலும்பு. அங்க எல்லாரும் அதைத்தான் கடிச்சு இழுக்குறாங்க" என்றார். வெள்ளிக்கிழமை. சாமி விளக்கு எரிகிறது. நல்ல நேரம் பார்த்துக் கேட்டார்.

அதே மூச்சில், "அண்ணே, இந்த வீட்ட வித்துரலாம். பாதி என் பங்குதானே."

இருபத்தாறு வருஷம் நான் கூட்டித் துடைத்த வீடு. என் வீட்டுக்காரர் வீராவேசமாகப் பேசினார்: "பாப்போம் தம்பி."

02.11.2024, சனி

கந்தசஷ்டி விரதம் ஆரம்பம். ஆறு நாள் வீட்டில் கவிச்சி கிடையாது. முடிந்ததும் ரிப்ஸ் செய்துபோட்டுத் தம்பி மனசை இளக்கப் பார்க்கணும். முருகனிடம் இரண்டு விண்ணப்பம்: வீடு நிற்க வேண்டும், பன்றிக்காக என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எதை முதலில் கேட்பது?

05.11.2024, செவ்வாய்

கம்சலா போனில் வீடியோ காட்டினாள். சமைக்கிற அம்மாவுக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை. எலும்பின் பின்பக்கச் சவ்வை உரிக்கணும். உப்பு, மிளகு, பூண்டு தடவி, வினாகிரியும் தண்ணீரும் விட்டுக் குக்கரில் 25. சோஸைக் குக்கருக்குள் ஊற்றினால் அடிப்பிடிக்கும். பிறகு பூசித் தணலில் வாட்டணும்.

கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பருப்பு 3, கடலை 6 என்பதற்குக் கீழே எழுதிக்கொண்டேன்: விலா எலும்பு 25.

07.11.2024, வியாழன்

கோயிலில் சூரன் தலை விழுந்தது. வீட்டில் சண்முகராஜா தரகரோடு சுவரைத் தட்டிப் பார்த்தார்.

10.11.2024, ஞாயிறு

பொங்கல் குக்கரில் பன்றியா? கைப்பிடி போன பழைய குக்கரைக் கொல்லையில் அடுப்பு மூட்டி ஏற்றினேன். பதினைந்தாவது விசிலில், "என்னத்த வேகவைக்கிற, தண்டவாளத்தையா?" என்றார் வீட்டுக்காரர். பதினாறாவதில் குழாயடிக்குப் போய்விட்டார்.

இருபத்தைந்து முடிந்து இறக்கும்போதுதான் கம்சலா வகுப்பிலிருந்து வந்தாள்.

"ஐயோ அம்மா! இருபத்தஞ்சு நிமிஷம்மா! விசில் இல்ல!"

"எந்தக் காலத்துல நம்ம வீட்ல நிமிஷம் பாத்துச் சமைச்சோம்?"

திறந்தால் எலும்பெல்லாம் கழுவி வைத்ததுபோல் தனி, கறி தனி. தணல் தயார், வாட்டத்தான் எதுவுமில்லை. தக்காளி சோஸ், இனிப்புக்குக் கித்துல் பனைப் பாணி, மிளகாய்த்தூள், பூண்டு எல்லாம் தாச்சியில் கொதிக்கவிட்டுக் கறியைப் போட்டுப் பிரட்டினேன். மரியாதைக்கு நாலு எலும்பை மேலே அடுக்கினேன்.

போச்சு. இதைத் தின்றால் இன்றைக்கே வீட்டை விற்றுவிடுவார்.

மூன்று தடவை போட்டுக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்தபடி, "அண்ணி, எனக்கு முழுக்கக் கட்டுப்பல்லு. மூணு வருஷமா இப்படி இறைச்சி தின்னதில்ல. யாருக்கும் சொல்லல. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

ஆமாம் என்பதுபோல் இன்னொரு கரண்டி வைத்தேன். பல் எண்ணிச் சமைக்கிற மகராசி!

நாளைக்குப் புறப்படுகிறார். "வீட்டு விஷயம் யோசிச்சுச் சொல்றேன் அண்ணி" என்றார். அண்ணனிடம் சொல்லவில்லை. என்னிடம்.

24.11.2024, ஞாயிறு

இரண்டு வாரம். வீட்டுக்காரர், "பாப்போம், பாப்போம்." சண்முகராஜாவிடமிருந்து நேற்று ஒரு செய்தி: செய்முறை வேணுமாம். இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு எப்படித் தினம் விளக்கேற்றுவது? உண்மையை நானே எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டார், இன்னும் பதிலில்லை. அனுப்பியது இது:

"தம்பி, உங்க பல்லப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நிமிஷத்த விசில்னு நினைச்சுக் குழைய விட்டுட்டேன். அதுக்காக மனசு இளகியிருந்தா, திரும்பவும் யோசிங்க. ஆனா இருபத்தாறு வருஷம் இந்த வீட்டப் பாத்துக்கிட்டது தவறுதலா இல்ல. எங்க பேருக்கு எழுதுறீங்களா, விக்கிறீங்களா? தயவுசெஞ்சு சீக்கிரம் பதில் சொல்லுங்க."