உங்கள் கைக்கேற்ற ஏர்பிரஷ்

அன்பு வீட்டுக்காரருக்கு,

இங்கே நான் சுகம். உங்கள் சுகத்தை உங்கள் தங்கையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கைக்குப் பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறதென்று அவள் வீட்டுக்குப் போனீர்கள். போனில் 'ம்' கொட்டுவதோடு சரி. வீட்டுக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டால் போன் அவள் கைக்குப் போய்விடுகிறது. இந்தக் கடிதத்தையும் அவளிடம் நீட்டாதீர்கள். இது உங்களுக்கு மட்டும் எழுதியது.

"மாடலையெல்லாம் கடையிலயே குடுத்துடச் சொல்லு, இனிமே என் கை எதுக்கும் ஆகாது" என்று தங்கையிடம் சொல்லியனுப்பினீர்கள். சொன்னபடியே நீங்கள் பாதி பெயின்ட் அடித்து விட்ட அந்த இழுவைப் படகு மாடலைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு, கப்பல், விமான மாடல் விற்கும் அந்தக் கடைக்குப் போனேன். பக்கவாதம் வருவதற்கு முன்னால் நீங்கள் அடித்த பக்கம் சிவப்பு வழவழவென்று இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அடிக்கப் பார்த்த பக்கம் தடம் தடமாகக் கிடக்கிறது. கடைக்காரர் அந்தப் பக்கத்தையே பார்த்தார். "பிரஷ்னா கை நடுங்குறது அப்படியே தெரியும்மா. ஏர்பிரஷ் மாடலைத் தொடவே தொடாது, தள்ளி நின்னு பெயின்ட்டைக் காத்தோட ஊதும்" என்றார். பெட்டியைக் கொடுத்துவிட்டு வர நினைத்தவள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பேனா மாதிரி இருப்பதைத்தான் எல்லோரும் வாங்குகிறார்களாம். மேலே ஒரு பொத்தான். அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். இரண்டையும் ஆள்காட்டி விரல் ஒன்றே செய்ய வேண்டும். உங்கள் ஆள்காட்டி விரல்தான் மாப்பிள்ளை முறுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறதே! என் விரலை மடக்கிக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். எதுவும் சரிப்படவில்லை. "கையில என்னம்மா ஆச்சு?" என்று பதறினார் கடைக்காரர். "என் கை இல்லீங்க, எங்க வீட்டுக்காரர் கை" என்றேன்.

அவர் உள்ளே போய், துப்பாக்கி மாதிரி அடியில் விசை வைத்த ஒன்றை எடுத்து வந்தார். கொஞ்சம் இழுத்தால் காற்று, இன்னும் இழுத்தால் பெயின்ட். நடுவிரலும் மோதிர விரலுமே போதும். அதையே வாங்கிவிட்டேன். அதற்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸரையும் காற்றுத் தொட்டி வைத்ததாகப் பார்த்து எடுத்தேன். தொட்டி இல்லாவிட்டால் காற்று சீராக வராதாம்.

உங்கள் மேசையை ஜன்னலோரம் நகர்த்தி, பெயின்ட் புகையை வெளியே தள்ள விசிறி பொருத்தியிருக்கிறேன். முகமூடியும் உண்டு, வேண்டாம் என்று சொல்லக்கூடாது. முதல் முறை ஊதியபோது துப்பித் துப்பி அடித்தது. கடைக்காரரைத் திட்டக் கிளம்பிவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! பால் பதத்துக்குக் கரைக்கச் சொல்லியிருந்தார், நான்தான் கெட்டியாக ஊற்றியிருக்கிறேன். அடுத்த முறை தண்ணீராகக் கரைத்துவிட்டேன், சிலந்திக் கால் மாதிரி நாலாபக்கமும் ஓடியது. அப்புறம் பதம் பிடிபட்டது. விரலைக் கட்டிக்கொண்டே ஒரு டப்பா மூடியில் அடித்தேன். சிவப்பு ஒரே சீராகப் படிந்தது. அழுதுவிட்டேன். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மாவிடம் பெயின்ட் நெடி என்று சமாளித்தேன்.

படகில் நான் கை வைக்கவில்லை. பெயின்ட் கரைப்பது, ஊசியைக் கழற்றிக் கழுவுவது, படகைத் திருப்பிப் பிடிப்பது எல்லாம் என் வேலை. ஊதுவது மட்டும் உங்களுடையது. கெட்டுப்போனால் துடைத்துவிட்டு மறுபடி அடிக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்?

பயிற்சிக்குக் கூப்பிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறீர்களாம். கை சரியான பிறகுதான் என் முகத்தில் விழிப்பேன் என்கிறீர்களாம். தங்கை சொல்லி அழுகிறாள். இத்தனை வருஷமாக நான் உங்கள் வலது கையோடு மட்டுமா குடித்தனம் நடத்தினேன்? எனக்கு நீங்கள் இல்லாமல் இந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. பயிற்சியை விடாமல் செய்யுங்கள், விரல் வழிக்கு வந்தால் சந்தோஷம். அதற்காகக் காத்திருக்க மட்டும் வேண்டாம். கை சரியாகாமலே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
என்றைக்கும் உங்கள் வீட்டுக்காரி