மஞ்சுளாவுக்கு மட்டும் காட்டிய கோயில்கள்

என் அன்பு அப்பாவுக்கு,

அழ வேண்டியதையெல்லாம் காரியம் முடிவதற்குள் அழுது தீர்த்துவிட்டேன். இது அதைப் பற்றிய கடிதம் இல்லை. உங்கள் மேல் எனக்கு வயிற்றெரிச்சல். நாற்பதைத் தாண்டியவள், மொரப்பூரில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பாடம் நடத்துகிறவள், வீட்டில் தோளுக்கு வளர்ந்த மகன் இருக்கிறவள். இந்த வயதில் எனக்குப் பொறாமை வரலாமா? வந்துவிட்டதே, என்ன செய்யட்டும்?

முதலில் ஊர்ச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். கிணற்றுமேட்டு நிலத்தில் தம்பி முருகன் இந்த முறை தக்காளி வைக்கவில்லை. சாமந்தி வைத்திருக்கிறான். நீங்கள் இருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள். பாலக்கோட்டு மண்டியில் உங்களைத் தெரிந்தவர்கள் இன்னும் அவனை நிறுத்தி, "அப்பாரு போயிட்டாராமே" என்று கேட்கிறார்களாம். அவன் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறான். உங்கள் மகன் பேசமாட்டான், உங்களுக்குத் தெரியாதா?

காரியத்துக்கு முந்தின நாள் சட்டம் போட உங்கள் படம் ஒன்று தேடினோம். என்னிடம் இருந்தது என் கல்யாணத்தில் எடுத்தது. கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு, யாரோ பிடித்து நிறுத்தியதுபோல முழித்துக்கொண்டிருப்பீர்கள். அதைத்தான் கொடுக்கப் போனேன். அதற்குள் உங்கள் மருமகள் மஞ்சுளா தன் போனை நீட்டினாள்.

"அண்ணி, இது பரவால்லீங்களா பாருங்க."

பார்த்தேன். உயரமான வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே நிற்கிறீர்கள். சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் உங்கள் வெள்ளைச் சட்டையில் விழுந்திருக்கிறது. சிரிக்கிறீர்கள் அப்பா. கடைவாய்ப் பல் இல்லாத இடம் தெரிய, வாயைத் திறந்து சிரிக்கிறீர்கள். உங்கள் ஒரே மகளாகப் பிறந்து இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

"எந்த எடம் இது?"

"பெங்களூர்ல ஒரு பழைய சர்ச்சுங்க அண்ணி. மாமாவுக்கு ரொம்பப் புடிச்ச எடம்."

அவள் விரலால் தள்ளத் தள்ள நீங்கள் வந்துகொண்டே இருந்தீர்கள். கல்தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு. அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு. பட்டுப்புடவை கட்டிய மாதா சிலைக்கு முன்னால் கைகட்டிக்கொண்டு. எல்லாப் படத்தையும் எடுத்தவள் அவள். போனை அவள் கையிலேயே திணித்துவிட்டு எழுந்து போனேன். துக்கத்தால் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

உங்களுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து, மாதாமாதம் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றானபோது முருகனால் காட்டு வேலையை விட்டு வர முடியவில்லை. எனக்கும் பள்ளிக்கூடம். மஞ்சுளாதான் முன்னால் வந்தாள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னடக் குடும்பத்துப் பெண், அந்த ஊர் பாஷை தெரியும், அவளே போகட்டும் என்று நாமெல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். ஒவ்வொரு முறையும் நீங்கள் திரும்பியதும் நான் போன் செய்வேன். "போனோம், ஊசி போட்டாங்க, வந்துட்டோம்" என்பீர்கள். அவ்வளவுதான். நானும் நம்பினேன். ஊசி போட்டுக்கொண்டு வருகிற மனிதர் என்றுதான் உங்களை மனதில் வைத்திருந்தேன்.

படம் சட்டமாகி, மாலை போட்டு, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு சமையலறையில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"சாமி கும்புடவா போனாரு?"

"இல்லீங்க அண்ணி. காலைல ரத்தம் குடுத்தா ரிசல்ட்டு சாயங்காலந்தான் வரும். அதுக்கப்பறந்தான் டாக்டரு பாப்பாங்க. அதுவரைக்கும் ஆஸ்பத்திரில உக்காந்தா அந்த மருந்து வாசத்துக்கே மாமாவுக்கு கொமட்டிக்கிட்டு வரும். ஓட்டல்ல எவ்ளோ நேரம் உக்கார முடியும்? பக்கத்துல ஒரு சர்ச்சு தொறந்திருந்துச்சு. குளுகுளுன்னு இருந்துச்சு. யாரும் எந்திரின்னு சொல்லல. அன்னிக்கு அங்கயே தூங்கிட்டாரு. அப்பறம் போவும்போதெல்லாம், இன்னிக்கு வேற ஒண்ணு பாக்கலாமான்னு கேப்பாரு."

"முனியப்பனுக்குக் கெடா வெட்டுற மனுசன், சர்ச்சுக்குள்ள போய் உக்காந்தாரா?"

"நானும் கேட்டனுங்க. முனியப்பன் கோவிச்சுக்க மாட்டாரா மாமான்னு. அவரு வெளிய வெயில்லயே நிக்கறவரு, ஒரு நோயாளி நெழல்ல உக்காந்ததுக்கா கோவிச்சுக்குவாருன்னாரு."

அவள் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. அது நீங்கள் என்னிடம் சொல்லியிருக்க வேண்டிய பேச்சு. அதை நான் அவள் வாயால் கேட்கவேண்டியதாகிவிட்டது.

"எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

மஞ்சுளா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "செல்விகிட்ட சொல்லாத, ஒடம்பு முடியாதவன் ஊரு சுத்தறானான்னு திட்டும்னு சொல்லுவாருங்க."

திட்டியிருப்பேன்தான் அப்பா. திட்டிவிட்டு அடுத்த மாதம் லீவு போட்டு உங்களோடு பஸ் ஏறியிருப்பேன். அது உங்களுக்குத் தெரியவில்லையா? இல்லை, தெரிந்துதான் சொல்லாமல் விட்டீர்களா?

வீட்டுக்கு வந்தும் எனக்கு அடங்கவில்லை. வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போது அந்த நீலமும் சிவப்பும் கண்ணுக்குள் வரும். லீவு விட்டதும் மஞ்சுளாவுக்குப் போன் செய்தேன். "அவரக் கூட்டிட்டுப் போன எடத்துக்கெல்லாம் என்னையும் கூட்டிட்டுப் போ" என்றேன். கேட்டது போலவே இல்லை, அதட்டியது போலத்தான் இருந்தது. "சரிங்க அண்ணி" என்றாள்.

பாலக்கோட்டில் பஸ் ஏறி, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போனோம். நீங்கள் எந்தப் பக்கம் உட்காருவீர்கள் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் என்றாள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். பெங்களூரில் இறங்கிப் பார்த்தால் ஆட்டோக்காரர் தமிழ், பூக்காரம்மா தமிழ், டீக்கடையில் தமிழ். பிறகு கன்னடம் தெரிந்தவள் எதற்கு அப்பா? மொரப்பூர்க்காரி போதாதா?

முதலில் சிவாஜிநகரில் இருக்கும் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனாள். சந்தைக் கூட்டத்துக்கு நடுவில் ஊசி மாதிரி எழும்பிய கோபுரம். உள்ளே மாதாவுக்குப் புடவை கட்டி, மாலை போட்டிருந்தார்கள். மெழுகுவத்தி ஏற்றுகிறவர்களில் பொட்டு வைத்த பெண்கள், பர்தா போட்ட பெண்கள், எல்லோரும் இருந்தார்கள். "இங்க மாமா எதும் பேச மாட்டாரு. புடவைக் கரையத்தான் பாத்துட்டே நிப்பாரு" என்றாள் மஞ்சுளா. உங்களுக்கு முந்திப் போய்விட்ட அம்மாவின் கல்யாணப் புடவை அரக்குக் கரை. அது நினைவுக்கு வந்திருக்கும் உங்களுக்கு. இதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாதது ஒன்று என்னிடம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். பாருங்கள், எப்படி ஆகிவிட்டேன்.

அடுத்து அந்தப் படத்தில் இருக்கிற சர்ச். வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த காலத்தில் அவர்களுக்காகக் கட்டியது. சுவர் முழுக்கச் சலவைக்கல் பலகைகள், செத்துப்போனவர்களின் பெயரும் வயதும் செதுக்கியவை. அவற்றை மஞ்சுளாவைப் படிக்கச் சொல்லி, "இவனுக்கு என்ன வயசு? இந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பீர்களாம். அவளும் எழுத்துக் கூட்டிப் படிப்பாளாம். எழுத்துக் கூட்டி! நான் இங்கிலீஷ் டீச்சர் அப்பா. ஒவ்வொரு பலகையையும் உங்களுக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருப்பேனே.

நீங்கள் உட்காரும் பெஞ்சைக் கேட்டு அதில் உட்கார்ந்தேன். தேக்கு மரம், வழவழவென்று தேய்ந்திருந்தது. அண்ணாந்து பார்த்தேன். எத்தனை உயரம்! வெளியே வண்டிச் சத்தம் கேட்டும் கேட்காமல் இருந்தது. வலியோடு இருக்கிற மனிதருக்கு இந்த இடம் என்னவாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் நினைத்தேன். அந்த நேரத்தில் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு மஞ்சுளாவிடம் வந்தார்.

"என்னம்மா, ரொம்ப நாளா காணோம்? உங்கப்பா வரலியா?"

உங்கப்பா.

மஞ்சுளா என்னைப் பார்த்தாள். எனக்குள் என்ன புகுந்ததோ, எழுந்து நின்றேன். "அவரு எங்கப்பா. நான்தான் பொண்ணு. இவ மருமவ" என்றேன். அந்த இடத்தில் என் குரல் எதிரொலித்தது. பெரியவர் பயந்துபோய், "மன்னிச்சுக்கம்மா, எனக்குத் தெரியாது" என்றார். "அவரு எறந்துட்டாருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு மஞ்சுளா வெளியே போய்விட்டாள்.

நான் போனபோது வாசல் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தாள். நம் வீட்டுக்கு வந்த நாள் முதல் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

"படத்துல சிரிச்சதப் பாத்துட்டு வந்தீங்க அண்ணி. பஸ்ஸுல வாந்தி எடுத்தத யாரு படம் புடிச்சா? என் சீலைலதான் எடுத்தாரு. அவருக்கு அவமானமா போயி ஓசூரு வரைக்கும் மொகத்தத் திருப்பிக்கிட்டே வந்தாரு. அதும் உங்களுக்கு வேணுங்களா?"

"வேணும்" என்றேன்.

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான். ஆனால் அது உண்மை அப்பா. அதுவும் எனக்கு வேண்டும். உங்கள் வாந்தியை என் புடவையில் வாங்கியிருக்க வேண்டும் நான். அதற்கும் சேர்த்துத்தான் பொறாமைப்படுகிறேன் என்று சொன்னால் உங்களுக்குப் புரியுமா?

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "வாங்க, இன்னும் ஒண்ணு இருக்குது. மாமா பாக்காதது" என்றாள்.

அது சாம்பல் நிறக் கல்லால் கட்டிய சர்ச். நீங்கள் போனபோதெல்லாம் பழுதுபார்க்கிற வேலை என்று பூட்டியே இருந்ததாம். வெளியே சுற்றிச் சுற்றி வந்து, மழைத் தண்ணீர் கூரையிலிருந்து எந்த வழியாக இறங்குகிறது என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்களாம். நாங்கள் போன அன்று கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்ததும், கேவலமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒரு சந்தோஷம். இதை நீங்கள் அவளோடு பார்க்கவில்லை. மர உத்தரங்கள் இரண்டு பக்கமிருந்தும் எழும்பி உச்சியில் ஒன்றையொன்று தொட்டு நின்றன. புது வார்னிஷ் வாசம். மாலை வெயில் தரை ஓடுகளில் நீளநீளமாகக் கிடந்தது. அதைப் பார்த்தவுடன் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாவிடம் சொல்லவேண்டும். அவ்வளவுதான் தோன்றியது. சொல்ல நீங்கள் இல்லை. பக்கத்தில் அவள்தான் இருந்தாள். "உத்தரத்தப் பாத்தியா?" என்று அவளிடம் சொன்னேன்.

உள்ளே ஒரு குடும்பம் மறுநாள் கல்யாணத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. சுடிதார் போட்ட கல்யாணப்பெண் அவள் அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டு வாசலிலிருந்து நடந்துவந்தாள். அந்த மனிதர் அவசர அவசரமாக நடந்தார்.

"டாடி, மெதுவா! பஸ்ஸப் புடிக்கவா போறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் வெட்கப்பட்டுத் திரும்பவும் வாசலுக்குப் போய், முதலிலிருந்து நடந்தார். இந்த முறை ரொம்பவும் மெதுவாக. பெண் அவர் தோளில் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அந்தப் பொண்ணப் பாத்தா எனக்கு வயிறு எரியுது அண்ணி" என்றாள் மஞ்சுளா, காதோடு காதாக.

"எனக்கும்தான்."

அவள் கல்யாணத்துக்கு அவளைப் பெற்றவர் வரவில்லை. முருகனை அவள் விரும்பிக் கட்டிக்கொண்டதற்காக இன்றுவரை அவளோடு பேசவும் இல்லை. அன்றைக்குப் பெண் வீட்டுப் பக்கத்து ஆளாகவும் நீங்கள்தான் நின்றீர்கள். இது எனக்குத் தெரியாத செய்தியா? தெரியும். ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் அவளை உட்காரச் சொன்னேன். ஓசூர் தாண்டும் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணி, எங்கப்பாவ ஒருவாட்டி போய்ப் பாக்கட்டுமா? வயசாயிருச்சுன்னு சொல்றாங்க. தனியாப் போவ பயமா இருக்குது. நீங்க கூட வர்றீங்களா?"

எனக்கு இருந்தது ஒரே ஒரு அப்பா. அவரிலும் பாதியை எடுத்துக்கொண்டவள், போய்ப் பார்க்க இன்னொருவரை மிச்சம் வைத்திருக்கிறாள். இந்த நினைப்புத்தான் முதலில் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? அவளிடமும் இதைச் சொன்னேன். "எனக்குப் போய்ப் பாக்க ஆளில்ல. உனக்கு இருக்குது. அதுக்கும் பொறாமையாத்தான் இருக்குது" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ராயக்கோட்டை வந்தும் விடவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். முருகனிடம் நானே சொல்லிவிட்டேன். அந்த மனிதர் கதவைத் திறப்பாரா, திட்டுவாரா, முகத்தைத் திருப்பிக்கொள்வாரா, தெரியாது. திறக்காவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். கன்னடத்தில் திட்டினால் எனக்குப் புரியப்போவதில்லை, அது ஒரு வசதி. இவளை அவர் பார்க்காமல் அந்த ஊரிலிருந்து பஸ் ஏறமாட்டேன். இது உங்களுக்கு நான் செய்து கொடுக்கிற சத்தியம்.

உங்கள் பெண்கள் இருவரில் மூத்தவள்,
செல்வி