மூக்கு நகர்ந்த கிளி

8.6.2006

எழுத்து ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வருகிறது. 'ழ' வரியை விட்டு இறங்கிவிடுகிறது. நோட்டே, பொறுத்துக்கொள். அறுபத்தெட்டு வயதில் மாலை வகுப்பில் பழகிய கை.

பட்டறையில் இன்று ஒரே அருவருப்பு. (இந்தச் சொல்லை யாரையும் கேட்காமல் எழுதினேன்!) காவேரி கம்ப்யூட்டரில் புள்ளியும் காலியிடமுமாக டிசைன் அடிப்பாள். புள்ளி இருந்தால் தறி அட்டையில் நான் துளை குத்துவேன். காலியாக இருந்தால் விட்டுவிடுவேன். டைப் அடிக்கிற அதே எடிட்டரில்தான் முதலாளியின் கடிதங்களும். கடிதத்தில் இரண்டு காலியிடம் சேர்ந்து வந்தால் ஒன்றாக்க ப்ளகின் என்று ஏதோ ஒரு துணுக்கு சேர்த்தாளாம். சேமிக்கும்போது அது புடவையின் கிளி பார்டர் டிசைனில் இருந்த காலியிடங்களையும் தின்றுவிட்டது. நல்லவேளை, அச்செடுத்த தாளிலேயே பார்த்துவிட்டாள். காலியிடத்தைக் குப்பை என்று நினைக்கிற எந்திரப் பிறவி. சீ!

9.6.2006

டிசைன் போல்டருக்குள் தனி செட்டிங் வைத்துவிட்டாள். "இதுக்குள்ள இருக்கறத தொறந்தா இந்த செட்டிங்க படிச்சிக்கும் மாமா. ப்ளகின் கம்முனு கெடக்கும்." கடிதத்துக்குக் கடிதத்தின் செட்டிங். இதைக்கூட அதற்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது!

12.6.2006

அவசர வேலை. முந்நூறு அட்டை.

15.6.2006

அரை முழம் நெய்த பிறகுதான் தெரிந்தது. முதலாளி மாணிக்கவாசகம் கத்தினார்: "இன்னாம்மா இது, கிளியா கோழியா? மூக்கு நெஞ்சுல குத்திக்கினு இருக்குது! நாளைலேர்ந்து வராத."

"செட்டிங் போட்டுத்தான் சார் இருந்துச்சு" என்று காவேரி அழுதாள். இரண்டு பிள்ளைகளை அவள் ஒருத்திதான் பார்க்கிறாள். பாழாய்ப்போன எந்திரம்.

16.6.2006

அவள் வீட்டுக்குப் போனேன். எந்திரம் இல்லை. நான்.

திங்கட்கிழமை அவசரம் என்று நான்தானே விரட்டினேன்? "சும்மா போல்டருக்குள்ள போயிக்கினு வந்துக்கினு இருக்காதம்மா, கிளிய வெளிய எடுத்து வை." வெளியே வைத்துத் திறந்தால் போல்டரின் செட்டிங்கை அது படிக்காதாம். சேமித்ததும் மறுபடி தின்றிருக்கிறது. நானும் காலியிடத்தை எண்ணாமலே குத்தினேன். நாற்பது வருடம் குத்தியவன்! தூ.

"ஏம்மா அங்கயே சொல்லல?"

"வயசானவரு. உங்கள மாட்டிவுட்டு இன்னா ஆவப்போவுது?"



17.6.2006

தப்பு என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? வாய்ல வெத்தலையா?" என்றார் முதலாளி. காவேரியை வரச்சொல்லிவிட்டார். முந்நூறையும் நானே திரும்பக் குத்த வேண்டும்.

19.6.2006

காவேரி வந்தாள். போல்டருக்குள் போய்த்தான் கிளியைத் திறந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. மதியம் தாளைக் கொண்டுவந்து போட்டு, "எண்ணுங்க" என்றாள்.

எண்ணினேன். நாற்பது அட்டை ஆயிற்று. விரல் வீங்கியிருக்கிறது. மீதியைக் குத்தி முடிக்காமல் பேனாவைத் தொடுவதில்லை. அடுத்த வாரம்தான்.