அவள் கைவிட்ட எண்

மார்ச் 5

செவ்வாய்க்கிழமை காலை என்னைத் திட்டியவருக்கு,

வணக்கம். நலம் விசாரிக்கிற அளவுக்கு நமக்குள் பழக்கம் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று கடையில் நல்ல கூட்டம். மழை வரப்போகிறது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். நான் தார்ப்பாய் விற்பவன். எனக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது. ஒரு லாரிக்காரருக்குத் தார்ப்பாயை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் பதிவு செய்த பெண் குரல். இது இன்ன சிறையிலிருந்து இன்னார் பேசும் அழைப்பு, பேச விரும்பினால் ஒன்றை அழுத்தவும் என்றது. நம்ம ஆள் எவனாவது மாட்டிக்கொண்டானோ என்று பதறி, பெயரைக்கூடச் சரியாகக் கேட்காமல் ஒன்றை அழுத்தி "ஹலோ" என்றேன்.

"யார்றா நீ? அவ போன் உன் கையில எப்படிடா வந்துச்சு?" என்று ஆரம்பித்தீர்கள். அதற்கு மேல் நீங்கள் சொன்னதை எழுதினால் இந்தக் காகிதம் கூசும். போன் ஸ்பீக்கரில் இருந்தது. லாரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த என் மனைவி சிரிக்கவில்லை. "யாருங்க அந்த அவ?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஐயா, எனக்கு அந்த அம்மாவைத் தெரியாது. இது நான் போன மாதம் வாங்கிய எண். யாரோ வேண்டாமென்று விட்ட எண்ணைப் போன் கம்பெனிக்காரன் எனக்குத் தள்ளிவிட்டிருக்கிறான். வாயில் சுலபமாக நிற்கிற எண் என்று நானும் ஆசைப்பட்டு வாங்கி, ஷட்டரில், பலகையில், லோடு வண்டியின் முதுகில் எல்லாம் எழுதிவிட்டேன். என்னால் மாற்ற முடியாது. நீங்கள் கூப்பிடுகிற எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை எனக்கு வியாபார நாள்.

இப்படிக்கு,
தார்ப்பாய்க் கடைக்காரர்


மார்ச் 14

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால் பிரித்துப் படிக்கும் எழுத்தர் ஐயா, போன் பதிவேட்டைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்து, சிரித்துக்கொண்டே என்னிடம் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் வீட்டம்மாவிடமும் சொல்லுங்கள்.

ரொம்ப நாளாக அந்த எண்ணுக்குப் போட்டால் "உபயோகத்தில் இல்லை" என்றுதான் வரும். அப்படியும் ஒவ்வொரு செவ்வாயும் வரிசையில் நின்று போட்டுப் பார்ப்பேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அன்றைக்கு மணி அடித்தது. எடுத்தது ஆம்பிளைக் குரல். அப்புறம் நான் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அது என் மனைவியின் எண். அவளும் என் பெண் பாப்பாவும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. பழைய வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் திரும்பி வந்துவிட்டன.

எண்ணை மாற்றச் சொல்கிறீர்கள். இங்கே நாங்கள் நினைத்த எண்ணுக்கெல்லாம் பேச முடியாது. பேசப்போகிறவரே அடையாள அட்டையோடு கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். எனக்கு இருப்பது இந்த ஓர் எண்தான். நீங்கள் புகார் கொடுத்தால் எழுத்தர் ஐயா அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். தயவுசெய்து கொடுக்காதீர்கள். நான் கூப்பிட்டால் எடுக்கக்கூட வேண்டாம். மணி மட்டும் அடிக்கட்டும்.

முடிந்தால், அவளைத் தேடி வேறு யாராவது அந்த எண்ணுக்குப் பேசினால், எங்கே இருக்கிறாள் என்று கேட்டுச் சொல்லுங்கள். அவள் என்னோடு ஒரு தடவை பேசினால் போதும்.

தங்கள் அன்புள்ள,
தையல் கூடத்தில் வேலை பார்ப்பவன்


ஏப்ரல் 2

தம்பிக்கு,

மணி மட்டும் அடிக்கட்டும் என்று எழுதிவிட்டாய். அடிக்கிற போனை எடுக்காமல் விடுவது எந்த வியாபாரிக்கும் ஆகாது. அதனால்தான் போன இரண்டு செவ்வாயும் எடுத்தேன். வானிலை, தையல் மெஷின், என் முட்டிவலி என்று நாம் பேசியது எனக்கும் பழகித்தான் போய்விட்டது. இப்போதெல்லாம் என் மனைவியே, "உங்க மச்சான் கூப்பிடற நேரம்" என்று கிண்டல் பண்ணுகிறாள்.

நீ கேட்டது நடந்தது. போன வாரம் ஒரு தையல்கார அம்மா பேசினார்கள். "பாப்பாவுக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் தச்சு எத்தனை நாளாச்சு, வந்து வாங்கிக்கிட்டுப் போயேன்டி" என்று என்னைப் போட்டுக் கடிந்தார்கள். ஆம்பிளைக் குரல் கேட்டு அவர்களும் பயந்தார்கள். ஆனால் உன்னைப் போலத் திட்டவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் சொன்ன அடையாளத்தை வைத்துத் தெரு தெருவாக விசாரித்து, கடைசியில் உன் மனைவியைப் பார்த்தும்விட்டேன்.

துணி வெளுத்துத் தேய்க்கிற ஒரு பெரிய இடத்தில் வேலை. ஆவி அடிக்கிற அறை. ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடித்துக்கொண்டே என்னிடம் பேசினாள். இடம் எது என்று எழுத மாட்டேன். அவள் அதற்கு மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பேசவே ஆரம்பித்தாள்.

எண்ணை ஏன் விட்டாய் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணே, மூணு வருஷம் அந்தப் போனை எடுத்தேன். ஒரு நாளாச்சும் எப்படி இருக்கேன்னு கேட்டிருப்பாரா? எங்க இருக்க, யாரு கூட இருக்க, பின்னால என்ன சத்தம், எடுக்க ஏன் இவ்ளோ நேரம். அஞ்சு நிமிஷமும் போலீஸ் விசாரணைதான். ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் என்கிட்டத் தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சாரு. அதுக்குத்தானே கம்பிய எடுத்தாரு? அந்த மனுஷன் இன்னும் எழுந்து நடக்கல. அவரு வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாமத்தான் ஊர் மாறினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டும் என்னையேதான் அடிச்சுக்கிட்டிருக்காரு."

தம்பி, நீ இதை என்னிடம் சொல்லவில்லை. ஏதோ சண்டை, கைகலப்பு என்றாய். எனக்குக் கோபம் வந்தது. உடனே திரும்பிவிடலாம் என்றுதான் எழுந்தேன். ஆனாலும் வந்த காரியம் என்று ஒன்று இருக்கிறதே. "ஒரே ஒரு தடவை பேசும்மா, என் கடையில வந்து, என் போன்லயே" என்றேன். ரொம்ப நேரம் போர்வை மடித்தாள். கடைசியில், "ஒரு கேள்வி கேட்டா வெச்சிருவேன்" என்றாள்.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி செவ்வாய் வருகிறாள். நீ வாயைக் கட்டிக்கொள். எனக்காக இல்லை, உனக்காக.

அண்ணன்,
தார்ப்பாய்க் கடை


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. உங்களிடம் மறைத்தது, சொன்னால் போனை எடுக்க மாட்டீர்களோ என்ற பயத்தில்.

எங்கள் அறையில் ஒரு சமையல்காரர் இருக்கிறார். அவரை அவளாக வைத்து ஒத்திகை பார்த்தேன். அவர் மெல்லிய குரலில் "சொல்லுங்க" என்றதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் "எப்படி இருக்கே" என்று ஆரம்பித்தேன். "கேள்வி!" என்று கத்தினார் சமையல்காரர். அப்போதுதான் தெரிந்தது, கேள்வி இல்லாமல் எனக்குப் பேச வராது என்று. அதிலிருந்து தினமும் பழகுகிறேன். இங்கே வேப்பமரம் பூத்திருக்கிறது. நான் காலர் வைத்துத் தைக்கக் கற்றுக்கொண்டேன். உன்னை நான் ரொம்பப் படுத்திவிட்டேன். இப்படிச் சொல்லப் போகிறேன். இவை எதுவும் கேள்வி இல்லை.

பாப்பாவைப் பற்றிக் கேட்கலாமா என்று யோசித்தேன். அதுவும் கேள்விதானே. கேட்க மாட்டேன். அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

நீங்கள் செய்ததற்கு நன்றி என்று எழுதினால் சின்னதாகப் போய்விடும்.

உங்கள் தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

நேற்று உன் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். என் பக்கம் நடந்ததை எழுதுகிறேன். ஓட்டைத் தார்ப்பாயை ஓட்டை என்று சொல்லித்தான் நான் விற்பேன். எழுத்திலும் அப்படித்தான்.

காலையிலேயே என் மனைவி கடையின் பின்பக்கத்தைப் பெருக்கி, தார்ப்பாய் உருளைகளைத் தள்ளி, ஒரு நாற்காலி போட்டாள். அந்தப் பெண் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். தேய்த்த உடுப்பு. முகத்தில் பவுடர். தண்ணீர் கொடுத்தோம், குடிக்கவில்லை. மணி அடித்ததும், நான் அழுத்தப் போனேன். "நானே அழுத்தறேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

"நான்தான்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நல்லா இருக்கேன்" என்றாள். நீ என்ன சொன்னாயோ, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். வேப்பமரம் என்று அவள் திருப்பிச் சொன்னது என் காதில் விழுந்தது. ஒரு சின்னச் சிரிப்புக்கூட வந்தது. நான் என் மனைவியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அப்பாடா என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து முன்பக்கம் எங்கள் லோடுமேன் எதற்கோ சத்தமாகச் சிரித்தார். அவ்வளவுதான். இவள் முகம் இறுகிவிட்டது. "யாரு அதுன்னு கேக்கறாரு" என்றாள், யாரிடமும் இல்லாமல். சிவப்பை அழுத்தினாள். போனைக் கைக்குட்டையால் துடைத்து என்னிடம் கொடுத்தாள். "உங்களுக்குத்தான் சிரமம் அண்ணே" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் என் மனைவி தோளைத் தொட்டிருப்பாள்.

சிரித்தவர் யார் என்று கேட்டாயே, சொல்கிறேன். முன்பல் நாலும் போன ஒரு மனுஷர். பேரன் பேத்தி எடுத்தவர். பாவம், தன்னால்தான் என்று நேற்று மத்தியானம் சோற்றைத் தொடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதாமல் விட்டுவிடலாம் என்று பேனாவை மூடியும் வைத்தேன். நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் தனியாக வரவில்லை. பாப்பாவும் வந்திருந்தாள். பச்சைத் தார்ப்பாய் உருளை ஒன்றின் மேல், இரட்டைச் சடையோடு, கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா பேசி முடித்ததும் அடுத்து அவள் பேசுவதாக இருந்தது.

அண்ணன்


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

அவள் சிரித்தது எனக்கும் கேட்டது. எத்தனை வருஷம் கழித்து. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சிரிப்பு வந்தது. வரிசையில் என் பின்னால் நின்ற சமையல்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் வேண்டாம் என்று தோளைப் பிடித்தார். அதற்குள் வாய் கேட்டுவிட்டது.

அந்த லோடுமேனிடம் சொல்லுங்கள், அவர் மேல் தப்பில்லை. அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் ஒரு தும்மலுக்குக் கேட்டிருப்பேன். ஒரு நாற்காலி நகர்ந்த சத்தத்துக்குக் கேட்டிருப்பேன்.

பாப்பாவைப் பற்றி நீங்கள் எழுதிய இடத்துக்கு மேல் என்னால் இன்னும் படிக்க முடியவில்லை. அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும்.

எழுத்தர் ஐயாவிடம் போய் அந்த எண்ணை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். "வேற நம்பர் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "யோசிச்சுச் சொல்லு, எடுத்தா எடுத்ததுதான்" என்றார். எடுத்துவிட்டார். இனி செவ்வாய்க்கிழமை உங்களுக்குத் தொந்தரவு இருக்காது.

ஒரு உதவி. முன்பு அவள் இருக்கும் இடத்தைக் கேட்டு உங்களுக்கு எழுதினேன். இப்போது அதற்கு எதிராக எழுதுகிறேன். ஒரு நாள் நான் வெளியே வருவேன். உங்கள் கடையைத் தேடிக்கொண்டு வருவேன், என்னை எனக்குத் தெரியும். திருந்திவிட்டேன் என்பேன். அழுவேன். பாப்பா பெயரைச் சொல்லிக் கேட்பேன். அப்போதும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் தம்பி


மே 14

தம்பிக்கு,

மழை பிடித்துக்கொண்டது. கடையில் நிற்க இடமில்லை. அதனால்தான் பதில் தாமதம் என்று எழுதலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு, என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நீ கேட்டுக்கொண்டபடியே செய்கிறேன். நீ வந்து நின்றால் டீ வாங்கித் தருவேன். இடம் சொல்ல மாட்டேன். கடை உன் வீடு மாதிரி, ஆனால் அந்த ஒன்று மட்டும் கிடையாது.

செவ்வாய்க்கிழமைகளில் போன் அடித்தால் இன்னமும் முதலில் அந்தப் பதிவு செய்த பெண் குரலுக்காகக் காத்திருக்கிறேன். தார்ப்பாய் என்ன அகலம் என்று எவனோ கேட்கிறான். எரிச்சலாக வருகிறது. வியாபாரம் கேட்டு வருபவனிடம் எரிந்து விழுகிற ஆளாகிவிட்டேன், பார்த்துக்கொள்.

நேற்று உன் மனைவியும் பாப்பாவும் வந்தார்கள். கூரை ஒழுகுகிறதாம், ஒரு தார்ப்பாய் வேண்டும் என்றாள். நான் அளந்து வெட்டும்போது, குனிந்தபடியே, "போன் வந்துச்சாண்ணே?" என்று கேட்டாள். நீ எண்ணையே எடுத்துவிட்டதைச் சொன்னேன். "நல்லது" என்றாள். அப்புறம், "அவராவா எடுத்தாரு?" என்றாள். ஆமாம் என்றேன். தார்ப்பாய் ஓரத்து வளையங்களை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் என் மனைவியோடு பேசப் போன சமயம், பாப்பா என் பக்கத்தில் வந்தாள். பெரிய மனுஷி மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாமா, எங்க அப்பா மறுபடி பேசினா ஒண்ணு சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"அன்னிக்கு போன்ல, பாப்பா சாப்பிட்டாளான்னு கேட்டாராம். அதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சுன்னு அம்மா சொன்னாங்க. நான் பதிலே சொல்லல."

உன் மனைவி அந்தப் பிள்ளையிடம் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள், தம்பி. நீ கேட்ட கேள்வி அதுதான் என்று.

"என்ன பதில் சொல்லட்டும்?" என்றேன்.

"சாப்பிட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன்.

அண்ணன்,
தார்ப்பாய்க் கடை