செவ்வாய்ச் சுரங்கத்தின் நாற்பத்தொரு பதில்கள்

நாள் 212. காலை 08:10
மூன்றாம் சுரங்கக் குடியிருப்பு. எழுதுபவர்: மருத்துவர் தில்லைநாயகி. காற்றழுத்தம் சரி. பெண்கள், என்னையும் சேர்த்து, 41.
பூமித் தலைமையகம் எங்கள் மாதவிடாய் நலத்தை ஒரே எண்ணால் அளக்கிறது: தலைக்கு எத்தனை நாப்கின் வழங்கப்பட்டது. எங்கள் எண் மிக அதிகம். அதனால் "தேவை நிறைவேறியது" என்று எழுதி, பெண்களுக்கான கழுவுநீரை அடுத்த மூன்றாண்டுத் திட்டத்திலிருந்து நீக்கப் போகிறார்கள். முடிவு 216ஆம் நாள் நண்பகல்.

நாள் 213. பிற்பகல் 14:30
எண் உயர்ந்த காரணம் தெரிந்தது. துளைப்பொறியில் வேலை செய்யும் ஆண்கள், பெண்கள் பெயரில் வாங்கிய நாப்கினை வியர்வைக்காகத் தலைக்கவசத்துக்குள் ஒட்டிக்கொள்கிறார்கள். வானொலியில் மேலாளர் செபஸ்தியான்: "நெத்தி வேர்வை கண்ணுல எறங்குது டாக்டரம்மா. இத விட எது நல்லா உறிஞ்சும்?"
குறுக்கே பெண் பொறியோட்டி முத்தழகு: "அப்ப கிடங்குல உன் பேருல வாங்க வேண்டியதுதான! அதுக்கு மட்டும் எங்க கையெழுத்தா?"

நாள் 214. காலை 11:05
புதிய அளவுகோல். கடந்த முறை மாற்றிக்கொள்ள மறைவான இடம் இருந்ததா? வலிக்கு மருந்து கிடைத்ததா? வேலையிலிருந்து எழ அனுமதி இருந்ததா? கழுவ நீர் இருந்ததா?
நான்குக்கும் ஆம் என்றவர் ஒருவரும் இல்லை. முத்தழகு விண்ணுடைக்குள் ஒன்பது மணி நேரம் நனைந்தபடி ஓட்டியிருக்கிறார். முடிவுகளைப் பூமிக்கு அனுப்பினேன்.

நாள் 215. மாலை 16:40
பூமியிலிருந்து: "மேடம், படிவத்துல ஒரு கட்டம்தான். ஒரு நம்பர் குடுங்க. கதையெல்லாம் வேணாம்."
என் பதில்: "கட்டத்த மாத்துங்க."
என் தரவு இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

நாள் 216. காலை 09:20
அவசரக் குரல்வழி மிச்சம். அதை மூட யாருக்கும் அதிகாரமில்லை. அதில் பேசும் ஒவ்வொரு சொல்லும் திட்டக்குழு முன் வைக்கப்பட வேண்டும் என்பது விதி. உயிராபத்து இன்றித் திறந்தால் பணிநீக்கம். பெண்களிடம் சொன்னேன்.
முத்தழகு: "தள்ளுங்க டாக்டர். மொதல்ல நான் பேசுறேன்."

10:02
மருத்துவ அறையில் வரிசை. பெயர், வயது, நான்கு பதில். குரல் பூமியை அடையப் பன்னிரண்டு நிமிடம். 11:48க்குள் முடிக்க வேண்டும்.

10:50
இருபத்தாறு பேர் பேசிவிட்டார்கள். தலைமையகம்: "உடனே நிறுத்துங்கள். அறையின் மின்சாரம் துண்டிக்கப்படும்." நிறுத்தவில்லை.

11:19
விளக்கு போனது. காற்று விசிறியும். குரல்வழி தனி மின்கலத்தில் ஓடுகிறது. உள்ளே பூட்டிய கதவைத் திறந்தால் காற்று வரும், வெளியே நிற்கும் தலைமையகக் காவலர்களும் வருவார்கள். திறக்கவில்லை.

11:40
முப்பத்தெட்டு. ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. இருவர் படுத்தபடியே பேசினார்கள். யாரும் கதவுப் பக்கம் போகவில்லை.

11:46
நாற்பது. கடைசி நான். பேசிக்கொண்டே எழுதுகிறேன்.
தில்லைநாயகி. நாற்பத்துநான்கு. மறைவிடம், இருந்தது. மருந்து, இருந்தது. எழுந்து போக அனுமதி, யாரிடமும் கேட்டதில்லை. கழுவ நீர்